செஞ்சு பாத்துக் கத்துக்கிற பையனுக்கு தியரி ஏறாதா?

ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க. பையன் பத்தாவது முடிச்சுட்டு ஐடிஐல வெல்டர் ட்ரேடு சேந்து நாலு மாசம் ஆச்சு. பிராக்டிகல்ல சார் பாராட்டறார், ஆனா தியரி மாடல் டெஸ்ட் ரெண்டுலயும் பெயில். எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ஒரு கேள்வித்தாள் குடுத்து டிக் பண்ணச் சொல்லி, "உங்க பையன் கைனஸ்தெடிக் லேர்னர், செஞ்சு பாத்தாத்தான் வரும், படிச்சா ஏறாது"ன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. அன்னிலேர்ந்து புக்கை எடுடான்னா "எனக்கு அது செட் ஆகாதும்மா"ங்கறானாம். ஐடிஐய நிறுத்திட்டு நேரா ஒரு பட்டறைல விட்டா வேலையாவது உருப்படியா கத்துப்பானான்னு கேக்கறாங்க.

நிறுத்தாதீங்கம்மா. மொதல்ல அத சொல்லிடறேன், காரணம் பின்னாடி வருது. நான் பட்டறைல ஆறு வருஷம் ராடு புடிச்சுட்டு, அப்பறம் 22 வருஷமா வெல்டிங் சொல்லிக் குடுத்துட்டு வரேன், உங்க பையன் மாதிரி பசங்கதான் என் கிளாஸ்ல பாதிப் பேரு, அதனால இது எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

அந்த கைனஸ்தெடிக் சமாச்சாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. நியூசிலாந்துல நீல் பிளெமிங்னு ஒருத்தர், ஸ்கூல் இன்ஸ்பெக்டரா இருந்து பின்னாடி யுனிவர்சிட்டிக்குப் போனவர், 1992ல வார்க்னு ஒரு முறைய வெளியிட்டார். பாத்துக் கத்துக்கறவங்க, கேட்டுக் கத்துக்கறவங்க, படிச்சு எழுதிக் கத்துக்கறவங்க, செஞ்சு கத்துக்கறவங்கன்னு அதுல நாலு வகை. இப்படிப் பிரிக்கறதத்தான் லேர்னிங் ஸ்டைல்னு சொல்றாங்க. இது மட்டும் இல்ல, 2004ல இங்கிலாந்துல பிராங்க் காஃபீல்டும் அவர் கூட இருந்தவங்களும் தேடிப் பாத்தப்ப இந்த மாதிரி ஆளுங்கள வகை பிரிக்கற மாடல் 71 கிடைச்சுது. டீச்சருங்க ட்ரெய்னிங்ல எல்லாம் இத சொல்லிக் குடுத்தாங்க, எனக்கும் சொன்னாங்க, நானும் நம்பி ரெண்டு பேட்ச் பசங்கள அப்படிப் பிரிச்சு உக்கார வெச்சு நடத்திருக்கேன். அதுல கை வேலை டைப்னு நான் ஒதுக்கி வெச்ச பசங்களுக்கு டிராயிங் படிக்கறதே வராமப் போச்சு. அது என் தப்பு, இன்னும் உறுத்துது.

ஒருத்தருக்கு படம் புடிக்கும் ஒருத்தருக்கு கதையா சொன்னா புடிக்கும்ங்கறது உண்மைதான், அத யாரும் மறுக்கல. கேள்வி என்னன்னா, புடிச்ச வழில சொல்லிக் குடுத்தா அதிகமா மனசுல நிக்குதாங்கறது. 2008ல ஹரால்ட் பாஷ்லர் அப்பறம் மூணு சைக்காலஜிஸ்டுங்க சேந்து அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகள எடுத்து அலசினாங்க. அவங்க கேட்ட ஆதாரம் ரொம்ப சாதாரணமானது. பசங்கள வகை பிரி, அப்பறம் எந்த முறைல யாருக்கு சொல்லிக் குடுக்கறதுன்னு குலுக்கிப் போடு, கடைசில எல்லாருக்கும் ஒரே பரீட்சை வை, பாக்கற டைப் பையன் படம் காட்டினப்பவும் கேக்கற டைப் பையன் சொல்லிக் குடுத்தப்பவும் ஜாஸ்தி மார்க் வாங்கினா ஒத்துக்கறோம்னாங்க. இப்படி ஒழுங்கா பண்ணின ஆராய்ச்சியே கைவிட்டு எண்ணற அளவுதான் இருந்துச்சு, அதுலயும் சிலது அந்தக் கொள்கைக்கு நேர் எதிராத்தான் வந்துச்சு. ஸ்கூல்ல இந்த டெஸ்டுக்கு காசும் நேரமும் செலவு பண்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. அதனால உங்க பையன் ரிப்போர்ட்ல "படிச்சா ஏறாது"ன்னு எழுதினதுக்கு அடிப்படையே கிடையாது. பதிமூணு வயசுப் பையன் கைல ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா அவன் அத ஜாதகம் மாதிரி தூக்கிட்டு அலையறான், அதுதான் எனக்கு வேதனையா இருக்கு.

இப்ப அவன் கைல இருக்கற வேலையவே எடுத்துக்கலாம். 3.15 எம்எம் 6013 ராடு, அதாவது உருகி ஒட்டற வெல்டிங் கம்பி, 110 ஆம்ப்ஸ் பக்கம் வெச்சு, 6 எம்எம் பிளேட்டுல ஒரு பீட், அதாவது உருகின உலோகத்தால ஒரு வரி, ஓட்டறான்னு வைங்க. ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ராடோட கனம் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கணும். அந்த வெளிச்சத்துல அவ்வளவு சின்ன இடைவெளிய கண்ணால மட்டும் புடிக்கறது கஷ்டம், காதும் சேந்து புடிக்கணும். சரியா இருந்தா எண்ணெய்ச் சட்டில வடை பொரியற மாதிரி சத்தம் சீரா வந்துட்டே இருக்கும், ராடு தூரமாப் போனா சத்தம் படபடன்னு உடைஞ்சு பொறி நாலாபக்கமும் தெறிக்கும், ரொம்ப கிட்ட போனா சத்தம் அடங்கி ராடு பிளேட்டோட ஒட்டிக்கும். கண்ணு பாக்க வேண்டியது வேற. புதுசா வர்றவன் எல்லாம் ஆர்க், அதாவது ராடு நுனில எரியற மின்சாரப் பொறி, அதோட வெளிச்சத்தையே பாத்துட்டு இருப்பான், பாக்க வேண்டியது அதுக்குப் பின்னாடி உருகி நிக்கற குட்டைய, அது எவ்வளவு அகலம், ரெண்டு ஓரத்தையும் தொடுதா, சிலாக்ங்கற கசடு அத முந்திட்டு ஓடுதான்னு. கை என்ன பண்ணனும்னா ராடு கரையக் கரைய கீழ எறங்கிட்டே இருக்கணும், அதே நேரம் பக்கவாட்டுல ஒரே வேகத்துல நகந்துட்டே இருக்கணும். இது அத்தனைக்கும் முன்னாடி, எந்த ராடுக்கு எத்தன ஆம்ப்ஸ்னு பாக்கெட் மேல அச்சடிச்சிருக்கறத அவன் படிச்சிருக்கணும்.

ஒரு ஜான் நீளம் பீட்டுக்கே கண்ணு, காது, கை, படிப்பு நாலும் வேணும்னா இதுல ஒரு பையன எந்த டைப்னு சொல்றது? ஆர்க் நீளம்ங்கறது காது வழியா வர்ற பாடம், அது எந்தப் பையனுக்கும் அப்படித்தான். டிராயிங்ல இருக்கற வெல்டிங் சிம்பல் கண்ணு வழியா வரும். ராடு புடிக்கற கோணத்த எத்தன தடவ சொன்னாலும் கை புடிச்சுத்தான் காட்டணும். எந்த வழில கத்துக்கணும்ங்கறத பாடம் முடிவு பண்ணுது, பையனோட பிறவிக் குணம் இல்ல. நான் இத்தன வருஷத்துல கத்துக்கிட்டதுல இது ஒண்ணுதான் எனக்கு ரொம்ப உறுதியா தெரியும்.

அடுத்தது, "செஞ்சு பாத்தா வந்துரும்"ங்கறது. இதுவும் முழு உண்மை இல்லீங்க. அனுபவத்துல கத்துக்கறதப் பத்தி ரொம்பப் பேரால பேசப்படறவர் டேவிட் கோல்ப்னு அமெரிக்காக்காரர், 1984ல புத்தகமா எழுதினார். அவர் சொன்னது ஒரு சுத்து. ஒண்ணைச் செய்யற, செஞ்சத நின்னு திரும்பிப் பாக்கற, ஏன் அப்படி ஆச்சுன்னு ஒரு காரணம் புடிக்கற, அந்தக் காரணம் சரியான்னு அடுத்த தடவ மாத்திப் பண்ணிப் பாக்கற. இந்த நாலையும் சுத்தி வந்தாத்தான் அனுபவம் அறிவா மாறும்னார். இவரும் யாருக்கு இதுல எந்தப் பகுதி சுலபமா வருதுன்னு வகை பிரிச்சவர்தான், ஆனா ஒரு மூலைலயே நின்னுட்டா கத்துக்கிட்டது முழுசாகாதுங்கறதும் அவரே சொன்னதுதான். ஜான் டூயிங்கற அமெரிக்கத் தத்துவ அறிஞர் அதுக்கும் முன்னாடி 1938லயே எல்லா அனுபவமும் கல்வி ஆகாது, சில அனுபவம் ஆள மேல வளர விடாமத் தடுத்தே வெச்சுரும்னு எழுதிருக்கார். இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

சில வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார், பேரு வேணாம். பதினெட்டு வருஷமா கேட்டு, கிரில், ஷெட்டு வேலை, கை அவ்வளவு சுத்தம், அவர் பீட்டப் பாத்தா சீப்பு பல்லு மாதிரி வரிசையா இருக்கும். வெளிநாட்டு வேலைக்கு 3ஜி டெஸ்ட் எழுதணும், அதாவது ரெண்டு பிளேட்டச் சேத்து செங்குத்தா நிறுத்தி வெல்ட் பண்ணி, அதுல பட்டையா வெட்டி எடுத்து, யூ வடிவத்துக்கு மடக்கிப் பாப்பாங்க. மடக்கினதும் வேர்ப்பக்கம், அதாவது வெல்டோட அடிப்பக்கம், பிளந்துருச்சு. பட்டைய கைல வாங்கிப் பாத்துட்டு அவரு ரொம்ப நேரம் பேசல. உள்ள ரெண்டு பிளேட்டோட ஓரமும் உருகவே இல்ல, மேல மேல போட்டு மூடிருக்கார். பதினெட்டு வருஷமும் அப்படித்தான் போட்டிருக்கார், ஆனா கேட்டும் கிரில்லும் எவன் மடக்கிப் பாக்கப் போறான், அதுக்கு அந்த அளவு பலமும் தேவை இல்ல, அதனால அவர் தப்பு அவருக்குத் திரும்பி வந்து காட்டவே இல்ல. அந்த உடைஞ்ச பட்டைய வெச்சு உக்காந்து, ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல அடில விடற ரூட் கேப் எதுக்கு, ஓரத்த ஏன் சாய்ச்சு கிரைண்ட் பண்றோம், மொத ரன்ல குட்டைக்கு முன்னாடி ஏன் சாவித்துவாரம் மாதிரி ஒரு ஓட்டை தெரியணும்னு படம் போட்டுப் பேசினோம். அதெல்லாம் தியரி புக்குல இருக்கறதுதான். மூணு வாரத்துல மறுபடி டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணிட்டுப் போனார். அதனாலதான் பட்டறைல விடாதீங்கன்னேன். பட்டறைல வேலை நடக்கணும், டெலிவரி குடுக்கணும், பையன் போட்டத உடைச்சுப் பாத்து ஏன்னு கேக்க அங்க யாருக்கும் நேரம் கிடையாது. அவங்க மேல குத்தம் இல்ல, அது அந்த இடத்தோட இயல்பு.

இன்னொண்ணு, எங்க தொழில்ல அனுபவம் பாடம் சொல்லும், ஆனா பல விஷயத்துல ரொம்ப லேட்டா சொல்லும். பையன் ஒரு நாள் ராத்திரி கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி எரியுதுன்னு அழுதான்னு நீங்க எழுதிருந்தீங்க இல்லையா, அது ஆர்க் வெளிச்சத்துல வர்ற புற ஊதாக் கதிர் கண்ணோட மேல்தோல சுட்டுட்டது. சுடறப்ப ஒண்ணுமே தெரியாது, பல மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்து படுத்தப்பறம்தான் தெரியும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும், ஆனா கண் டாக்டர்ட்ட காட்டிருங்க, வீட்டு வைத்தியம்னு எதையும் கண்ணுல ஊத்தாதீங்க. அவன் ஷீல்டுல கருப்புக் கண்ணாடி 10 இல்ல 11 நம்பரான்னு பாக்கச் சொல்லுங்க, முக்கியமா பக்கத்துல இன்னொருத்தன் அடிக்கற ஆர்க் பக்கவாட்டுல வந்து படாம திரை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அதுலதான் பாதிப் பசங்க அடிபடறது. துத்தநாகம் பூசின ஜிஐ பைப்ப வெல்ட் பண்ணா வர்ற வெள்ளைப் புகையும் இப்படித்தான், காலைல சுவாசிச்சா சாயங்காலம் குளிர் ஜுரம் வரும், வேலைக்கும் ஜுரத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது. கனமான பிளேட்டுக்குப் போடற 7018 ராட 300 டிகிரி பக்கம் ஓவன் அடுப்புல காய வெச்சுத்தான் எடுக்கணும். ஈரமா இருந்தாலும் பீட் என்னவோ அழகாத்தான் வரும், ஈரத்துல இருக்கற ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ள போயி, ஆறி பல மணி நேரம் கழிச்சு, சில சமயம் ரெண்டு நாள் கழிச்சுக்கூட உள்ளுக்குள்ள விரிசல் விடும். அப்ப வெல்ட் பண்ணினவன் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பான். இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல, வேற யாரோ பட்டு எழுதி வெச்சத படிச்சுத் தெரிஞ்சுக்கற விஷயம். தியரின்னா அதுதான்னு பையனுக்கு சொல்லுங்க, இந்த மூணையும் நானே சொன்னேன்னு சொல்லுங்க.

சரி, எப்படிப் படிக்க வைக்கறது? மொதல்ல ரெண்டு விஷயம் சரி பாருங்க. அவன் தமிழ் மீடியம்னா இங்கிலீஷ் புக்கோட மல்லுக்கட்டிட்டு இருக்கானான்னு பாருங்க. சென்னை கிண்டில இருக்கற நிமி நிறுவனம் போடற ட்ரேடு தியரி புத்தகம் தமிழ்லயும் வருது, சார்கிட்ட கேட்டா வழி சொல்வார். பல பசங்களுக்கு தியரி ஏறாததுக்குக் காரணம் அந்த மொழிதான், வேற ஒண்ணும் இல்ல. ரெண்டாவது, தமிழ்ல குடுத்தாலும் எழுத்து மாறி மாறித் தெரியுது, வரி தாவுது, சின்ன வயசுலேர்ந்தே படிக்கறதுல தனியா ஒரு சிரமம்னா அது டிஸ்லெக்சியாவா இருக்கலாம், இல்ல சாதாரண கண் பவராவும் இருக்கலாம். அது லேர்னிங் ஸ்டைல் இல்ல, முறையா டாக்டர்ட்ட காட்ட வேண்டிய விஷயம், அதுக்கு உதவியும் இருக்கு.

ரெண்டும் இல்லன்னா நான் என் கிளாஸ்ல பண்றத சொல்றேன். பீட் ஓட்டி முடிச்சதும் சிலாக்க உடனே தட்ட விட மாட்டேன். சிப்பிங் ஹேம்மர கீழ வைடா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லு, சொல்லிட்டுத் தட்டுன்னு சொல்வேன். மொத வாரம் எல்லாரும் "நல்லாருக்கும் சார்"னுதான் சொல்வாங்க. தட்டினா ஓரத்துல பள்ளம், நடுவுல ஊசி ஓட்டை, ஆரம்பத்துல மேடு. ரெண்டாவது வாரம் "நடுவுல கை ஓடிருச்சு சார், அங்க ஒல்லியா இருக்கும்"பான். தட்டினா அங்க ஒல்லியா இருக்கும். அவன் முகத்த அப்ப பாக்கணும்! அந்த இடத்துல புக்க திறந்து அண்டர்கட்ங்கற ஒரு பத்திய மட்டும் படிக்கச் சொல்வேன், ஆம்ப்ஸ் ஜாஸ்தியானாலோ ஆர்க் நீண்டாலோ ராடு கோணம் தப்பினாலோ ஓரம் அரிச்சு பள்ளம் விழும், நிரம்பாது. பத்து வரிதான். படிச்சுட்டு உன் பள்ளத்துக்கு இதுல எது காரணம்னு கேப்பேன். 110லேர்ந்து 100க்கு கொறச்சு இன்னொரு பீட் ஓட்டி அவனே கண்டுபுடிப்பான். பீட் மேல சாக்பீஸ்ல ஆம்ப்ஸும் தேதியும் எழுதி, அந்தத் துண்ட எடுத்து வைக்கச் சொல்வேன். புக்குல இருக்கற குறைகள் பட்டியல்ல பாதி அவன் பெட்டிலயே இருக்கும்.

வீட்டுல ராத்திரி படிக்கறப்ப ஒரே பக்கத்த நாலு தடவ படிக்கறது வேணாம். 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேரு காலேஜ் பசங்க கிட்ட ஆளுக்கு ரெண்டு சின்னப் பாடத்தக் குடுத்துப் பாத்தாங்க. ஒரு பாடத்த திரும்பப் படிச்சாங்க, இன்னொரு பாடத்த மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதினாங்க. சில பேர்ட்ட அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்ச பாடம் 81 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, எழுதின பாடம் 75. வேற சில பேர்ட்ட ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்ச பாடம் 42தான், மூடி எழுதின பாடம் 56. உடனே கேட்டா திரும்பப் படிச்சது ஜெயிக்குது பாருங்க, அதனாலதான் பசங்க ஏமாந்துர்றாங்க, படிச்சேன் தெரிஞ்சுதுன்னு நெனச்சு மூடி வெச்சுர்றாங்க. உங்க பையன் ஒரு பக்கம் படிக்கட்டும், மூடட்டும், ஒரு பேப்பர்ல ஞாபகம் வந்தத எழுதட்டும், படம் வரையட்டும், திறந்து விட்டுப் போனத பாக்கட்டும். இருபது நிமிஷம் போதும், தினமும் பண்ணனும், அடுத்த வாரம் அதே பக்கத்த மூடின புக்கோட மறுபடி எழுதணும்.

பிராக்டிகல்லயும் ஒண்ணு சொல்லிடறேன். டெஸ்டுக்கு வர்ற பொசிஷன் எதுவோ அதையே நூறு தடவ போட்டா வந்துரும்னு பசங்க நெனப்பாங்க. 1978ல கெர், பூத்னு ரெண்டு பேரு சின்னப் பசங்கள வெச்சு பண்ணினது இருக்கு. ஒரு குரூப் 3 அடி தூரத்துல இருக்கற குறில சின்ன மூட்டைய எறிஞ்சு பழகுச்சு, இன்னொரு குரூப் 2 அடிலயும் 4 அடிலயும் மாத்தி மாத்தி எறிஞ்சுது, 3 அடில எறியவே இல்ல. கடைசில 3 அடில டெஸ்ட் வெச்சா மாத்திப் பழகினவங்கதான் நல்லா எறிஞ்சாங்க. அதனால ஒரே நாள்ல கொஞ்சம் படுக்கை, கொஞ்சம் செங்குத்து, கொஞ்சம் தலைக்கு மேலன்னு கலந்து போடச் சொல்லுங்க. அன்னைக்குப் பாக்க அசிங்கமா வரும், விடாம பண்ணட்டும்.

நீங்க டைலரிங் பண்றதா எழுதிருந்தீங்க. உங்களுக்கு இது புதுசு இல்லம்மா. ப்ளவுஸ் கை ஏத்தறப்ப அக்குள்ல சுருக்கம் விழுந்தா பிரிச்சு, வெட்டின துணிய பேப்பர் கட்டிங் மேல வெச்சு, வளைவு எங்க தப்பிச்சுன்னு பாத்திருப்பீங்க, இஞ்ச் டேப்ல கணக்குப் போட்டிருப்பீங்க. கை வேலையும் கணக்கும் உங்க கைல ஒண்ணாத்தான் இருக்கு, அத அவன் சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டுதான் வளந்திருக்கான், நீங்க அத வாய் விட்டு அவன்ட்ட சொன்னதில்ல, அவ்வளவுதான்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணு பண்ணுங்க. சார்ட்ட கேட்டு அவன் ஓட்டின துண்டுல நல்லது ஒண்ணு, மோசமானது ஒண்ணு வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லுங்க. நீங்க மெஷின்ல உக்காந்துக்கோங்க, அவன் பக்கத்துல உக்காந்து இது ஏன் நல்லாருக்கு, இது ஏன் கெட்டுச்சுன்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லட்டும். புரியலன்னா தலைய ஆட்டாதீங்க, புரியலடான்னு சொல்லுங்க. அவனுக்கே எங்கயாச்சும் மாட்டும், அப்ப புக்க எடுத்து அந்த இடத்த மட்டும் பாத்துட்டு வந்து சொல்லட்டும். எந்த இடத்துல மாட்டினான்னு இங்க வந்து எழுதுங்க, அதுக்கு எந்தப் பாடம்னு நான் சொல்றேன்.